ககானின் கோட்டில் வலது பாகம் மேலே

போன மாதம் என் மகள் கவிதாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. நீலக் கோட்டு ஒன்றின் உள்பக்கம். லைனிங் துணியில் சிவப்பு நூலால் இரண்டு வரி தைத்திருந்தது. அனுப்பியவள் எமிலி. ரிச்சர்ட்சன் ஊரில் பல்கலைக்கழக நாடகக் கொட்டகையின் தையல் அறையில் நான் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்த பெண் அவள். அந்த எழுத்து பழைய துருக்கிய எழுத்தா, என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாள்.

கவிதா சோபாவில் சாய்ந்து சிரித்தாள்.

“அம்மா, உன் ஹேண்ட்ரைட்டிங்க கல்வெட்டுன்னு நினைச்சுட்டா. ஆயிரத்து முன்னூறு வருஷம் பழசாம்.”

நான் ஐந்தாவது பாதியில் நின்றவள். என் எழுத்து அப்படித்தான் இருக்கும். அது எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அடுத்த படத்தில் வந்தது. எங்கள் அறையில் ஒவ்வொரு உடைக்கும் ஓர் அட்டை உண்டு. யார் வெட்டியது, யார் தைத்தது, ஏதாவது திருத்தினால் ஏன் திருத்தியது, எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோட்டின் அட்டையையும் எமிலி அனுப்பியிருந்தாள். கவிதா அதைப் படித்துத் தமிழில் சொன்னாள்: ‘ஐகுல் கொடுத்த படம் இடம் வலம் மாறியிருந்தது. அதனால் திரும்பத் தைக்கப்பட்டது.’

கோட்டையும் அட்டையையும் கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம். இரண்டு வாரத்தில்.

அந்த அட்டையில் இருப்பது பொய். படம் சரியாகத்தான் இருந்தது. மாற்றியது நான். ஐகுலின் பேர் அங்கே ஏறியது எனக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒன்பது வருஷம் அந்த அட்டை என் மேஜைக்குப் பக்கத்து டிராயரில் கிடந்திருக்கிறது.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கொண்டே வந்தேன். இப்போது இருக்கிறது. எழுத்துப் பிழையை மட்டும் கவிதா திருத்தினாள். வேறு எதையும் தொட நான் விடவில்லை.

தொழில் கற்ற கதை சின்னதுதான். ஈரோட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் ஒன்பது வருஷம் பட்டன் பட்டி மட்டும் தைத்தேன். ஆண் சட்டைக்கு இடது பாகம் மேலே வரும். பெண் சட்டைக்கு வலது பாகம் மேலே. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் என் விரல் சொல்லிவிடும், ஆம்பளைப் பக்கமா பொம்பளைப் பக்கமா என்று. பிறகு கவிதா இங்கே வேலைக்கு வந்து, எனக்கும் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தாள். நான் சும்மா உட்கார வரவில்லை. ஆலன் ஊரில் ஒரு மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு டிரை கிளீனிங் கடை. அங்கே பேண்ட் நீளம் குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் உயரமான வெள்ளைக்கார அம்மா ஒருவர் முதுகு கிழிந்த கவுன் ஒன்றைக் கொண்டு வந்தார். தைத்துக் கொடுத்தேன். அவர் வெளிப்பக்கம் பார்க்கவே இல்லை. உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவி, என்னைப் பார்த்தார். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார். அவர்தான் டாரத்தி, தையல் அறைக்குத் தலைவி.

டாரத்தியின் குணத்தைச் சொல்ல வேண்டும். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தப்பு என்று தெரிந்தால் துணியை மேஜையில் விரிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். “ஷோ மீ, ருக்கு” என்பார். அவ்வளவுதான். நாம் எங்கே ஆரம்பித்தோம், எங்கே திருப்பினோம் என்று தையல் தையலாகக் காட்டிக்கொண்டு போக வேண்டும். பாதி தூரம் போவதற்குள் நமக்கே தெரிந்துவிடும். வாயில் ஊசி வைத்துக்கொண்டு பேசக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்திரியைக் கீழே வைத்துவிட வேண்டும். களைத்த கை துணியைக் கெடுக்கும் என்பார். நாளைக்கு நாடகம் என்றாலும் ஆறு ஆறுதான்.

முறையும் அப்படியே. முதலில் படம் வரும். அளவு தனித் தாளில் வரும். எண் எனக்குத் தெரியும், பேர் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு நிற நூலை அளவுத் தாளில் முடிந்து வைத்துக்கொண்டேன். பிறகு காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்து ஆள்மேல் போட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் நல்ல துணியில் கத்திரி படும்.

எனக்கென்று ஒரு கட்டாயம் உண்டு. யாருக்கு உடுத்தப் போகிறேன் என்று தெரியாமல் வெட்டமாட்டேன். பில்கே ககான் என்ற ராஜாவைப் பற்றி நாடகம் என்றார்கள். படம் வரைந்து கொடுத்தது ஐகுல். கிர்கிஸ்தான்காரி, சரித்திரம் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு வருஷத்துக்கு வந்தவள். முப்பது வயது இருக்கும். அவளைப் பிடித்துக் கேட்டேன், இந்த ஆள் யார், குதிரையில் போகிறவரா நடக்கிறவரா என்று. குதிரை என்றால் பின்பக்கம் வெட்டு வைக்க வேண்டுமே. அவளுக்குச் சிரிப்பு. இங்கே யாரும் இதைக் கேட்கவில்லை, எஜே என்றாள். எஜே என்றால் அவர்கள் ஊரில் அக்கா. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அயர்ன் மேஜைப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பேசியது ஓட்டை இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ககான் என்றால் ராஜாவுக்கு ராஜா. ஊர், மங்கோலியாப் புல்வெளி. ஜனம், பழைய துருக்கியர். அந்த ஜனங்கள் ஐம்பது வருஷம் சீன அரசனுக்கு அடங்கிக் கிடந்தார்கள். தங்கள் பட்டப் பேரை விட்டுச் சீனப் பட்டப் பேரை வைத்துக்கொண்டார்கள். இவருடைய அப்பா பதினேழு பேரோடு கிளம்பி அதை உடைத்தார். இவருக்கு எட்டு வயதில் அப்பா போய்விட்டார். சித்தப்பா ஆண்டார். அவர் கொல்லப்பட்ட பிறகு, இவருடைய தம்பிதான் சண்டை போட்டு இடத்தைப் பிடித்தான். பிடித்தவன் நீ, நீயே உட்கார் என்றார் இவர். தம்பி கேட்கவில்லை. அண்ணனைத்தான் உட்கார வைத்தான்.

உட்கார்ந்தபோது ஜனத்துக்கு வயிற்றுக்கும் இல்லை, உடம்புக்கும் இல்லை. சிதறிப் போனவர்கள் நடந்தே திரும்பி வந்தார்கள். மதில் கட்டி ஊர் அமைக்கலாம் என்று இவருக்கு ஆசை. மாமனார்தான் மந்திரி, கிழவர். நாம் கொஞ்சப் பேர், புல்லும் தண்ணியும் இருக்கிற பக்கம் போகிறதுதான் நம் பலம், மதிலுக்குள் இருந்தால் ஒரே நாளில் பிடித்துவிடுவான் என்றார். இவர் கேட்டுக்கொண்டார். ராஜா ஒருவர் மாமனார் பேச்சைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி செத்தபோது தாங்கவில்லை. பெரிய கல் ஒன்றை நட்டு எழுத வைத்தார். ஜெயித்ததை மட்டும் எழுதவில்லை. உடுத்த இல்லாமல் வந்தவர்களுக்கு உடுத்தக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் நான் கையிலிருந்த டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். துணி கொடுத்ததைக் கல்லில் வெட்டிய ராஜாவை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அதோடு, சீனாவின் பட்டுக்கும் இனிப்பான பேச்சுக்கும் மயங்கி நாம் கெட்டோம், அது நம் தப்பு என்று சொந்த ஜனத்தின் குற்றத்தையும் அதே கல்லில் வெட்டி வைத்தார். கடைசியில் இவருக்கு விஷம் வைத்தது சொந்த மந்திரி ஒருவன். விஷம் உடனே கொல்லவில்லை. வைத்தவனைத் தீர்த்துவிட்டுத்தான் செத்தார்.

இவருக்குத்தான் கோட்டு.

கம்பளித் துணி, அடர்ந்த நீலம். தூரத்திலிருந்து வரவழைத்தது, ஒரு கோட்டுக்கு மட்டும்தான் இருந்தது. காடாத்துணி மாதிரியை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஊசி குத்திப் பார்த்தோம், பொருந்தியது. பிறகு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நல்ல துணியை விரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். படத்தில் வலது பாகம் மேலே வந்து இடப்பக்கம் முடிந்திருந்தது. பொம்பளைப் பக்கம்.

படித்த பெண், சரித்திரம் தெரியும், தையல் தெரியாது, அவசரத்தில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அத்தனை பேருக்கு உடுத்தக் கொடுத்த ராஜாவுக்குப் பொம்பளைப் பக்கம் வைத்துத் தைப்பதா? ஐகுல் மூன்று அடி தூரத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்கு வெட்கமாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. தையலில் நான் யாரையும் கேட்கிற வழக்கமில்லை. பக்கத்தை மாற்றி வெட்டினேன்.

நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது முழுக் கோட்டையும் நடிகர்மேல் போட்டோம். நன்றாக நின்றது. டாரத்தி சுற்றிவந்து பார்த்தார். ஐகுல் கதவைத் திறந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்தில் சீனாக்காரர்கள் இவர்களைப் பற்றி எழுதும்போது முதலில் எழுதுவதே, தலைமுடியை விரித்துப் போடுகிறவர்கள், இடப்பக்கம் முடிகிற அங்கி போடுகிறவர்கள் என்றுதானாம். சீனர் அங்கி வலப்பக்கம் முடியும், நம் ஆண் சட்டை மாதிரி. நாடகத்தின் நடு இடத்தில் சீனத் தூதர்கள் பட்டு அங்கி கொண்டு வருகிறார்கள். ககான் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் கோட்டை இழுத்து மூடுகிறார். வலது பாகத்தை எடுத்து இடது மேல் போடுகிறார். அதுதான் அவருடைய பதில். நான் தைத்த கோட்டில் அவர் தூதனைப் போலவே மூடிக்கொள்வார். மரியாதை செய்கிறேன் என்று நான் அவரை எதிராளிக்குத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

டாரத்தி கோட்டைக் கழற்றி மேஜையில் விரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஷோ மீ” வரப்போகிறது என்று நின்றேன். அதற்குள் ஐகுல் முந்திக்கொண்டாள். நான் ஸ்கேன் பண்ணும்போது படம் திரும்பியிருக்கும், என் தப்பு, மன்னியுங்கள் என்றாள். டாரத்தி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த படத்தைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போது பென்சில் இரண்டு தடவை நின்றது. பதினாறு வருஷத்தில் ருக்மணி கத்திரி தப்பாது என்று அந்த அறையில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேரை விட எனக்கு மனம் வரவில்லை.

துணி வேறு இல்லை. வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கோட்டைக் கையில் எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தேன். உள்ளும் வெளியும் திரும்பினால் இடமும் வலமும் தானாக மாறிவிடும். வலது பாகம் மேலே வந்தது. மொத்தக் கோட்டையும் பிரித்து, துணியின் உள்முகம் வெளியே வரும்படி திருப்பித் தைப்பது என்று முடிவு செய்தேன். டாரத்தி உள்முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிரிக்கிற கத்தியை எடுத்து எதிரே உட்கார்ந்தார். தலைவி தையல் பிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் நாள் முழுக்கப் பிரித்தோம். கம்பளி இழுக்கக் கூடாது, ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டும். இரண்டாம் நாள் சாக்பீஸ் கோடுகளைப் பிரஷ்ஷால் தட்டி, பழைய ஊசித் துளைகளை நீராவியில் மூடினேன். ஈரத்துணியை வைத்து, அயர்னை அழுத்தாமல் மேலே பிடித்தால் கம்பளி ஊறித் துளை அடைந்துவிடும். மூன்றாம் நாள் கூட்டினேன். இடது கை வலது கை ஆயிற்று. நான்காம் நாள் ஓரத்துப் பட்டியும் லைனிங்கும். ஒரு நாளும் ஆறு மணியைத் தாண்டவில்லை. உள்முகம் கொஞ்சம் மங்கல். மேடை விளக்கில் அதுவே நல்லதாகப் போயிற்று, காற்றிலும் வெயிலிலும் அடிபட்ட கோட்டு மாதிரி.

லைனிங்கை மூடுவதற்கு முன், நெஞ்சு வரும் இடத்தில், சிவப்பு நூலைக் கோத்து, பின் தையலில் எழுதினேன்: ‘பக்கம் மாறியது என் கையால். திருப்பியதும் என் கை. ருக்மணி.’ டாரத்தி என்ன அது என்று கேட்டார். என் பேர் என்றேன்.

நாடகத்தன்று ககான் கோட்டை மூடியபோது கொட்டகையில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அதன்பிறகு எங்கள் அறையில் ஒரு சட்டம் வந்தது. வருகிற ஒவ்வொரு படத்திலும் எது இடது என்று ஓர் அம்புக்குறி போட வேண்டும். சுவரில் எழுதி ஒட்டினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. நான் சொல்லாத ஒன்றுக்காகப் பிறந்த சட்டம் அது. மே மாதம் ஐகுல் போய்விட்டாள். டாரத்தியும் இப்போது உயிரோடு இல்லை.

அட்டையில் இருப்பதைக் கேட்ட அன்றைக்கே ஐகுலின் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கவிதா தயங்கினாள்.

“லீவ் இட்மா. யாரு போய் அந்த கார்டைப் படிக்கப் போறாங்க?”

“ஒன்பது வருஷம் படிக்காதவ நான் ஒருத்திதான். நீ போனைப் போடு.”

ஐகுல் இப்போது ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள், அங்கேயும் வாத்தியார் வேலைதான். “ருக்கு எஜே” என்று அவள் கூப்பிட்டதும் நான் சுற்றி வளைக்கவில்லை.

“படம் மாறல, ஐகுல். நான்தான் மாத்தினேன்.”

“தெரியும், எஜே.”

“எப்படித் தெரியும்?”

“படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தேனே. ராஜா பேரு, துணி நிறம் எல்லாம். படம் திரும்பியிருந்தா எழுத்தும் திரும்பியிருக்குமே.”

எழுத்து. அந்தப் படத்தில் கிறுக்கல் மாதிரி ஏதோ இருந்தது ஞாபகம் இருக்கிறது. அது நேராக இருந்ததா திரும்பியிருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. டாரத்திக்கும். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவர் பார்த்தது அந்த எழுத்தைத்தான்.

அவள் மீதியைச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போன பிறகு டாரத்தி அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஐந்து நாள்தான் இருக்கிறது, ருக்குவின் கையைவிட்டால் வேறு கை இல்லை, அந்தக் கையில் நடுக்கம் வந்தால் கோட்டு போய்விடும் என்றாராம். அட்டையில் ஏதாவது ஒரு பேர் எழுதியாக வேண்டுமே என்றதற்கு, என் பேரை எழுதுங்கள், நான் எப்படியும் மே மாதம் போகிற ஆள் என்றாளாம் இவள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா, எஜே?”

அன்றைக்கு மாட்டேன். அதை அவளிடம் சொன்னேன். பிறகு அட்டையை மாற்றப் போகிறேன் என்றேன். வேண்டாம், பழைய கதை என்றாள். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன் என்றேன். சிரித்தாள். என் தமிழை எமிலி அவர்கள் ஊர்ப் பழைய எழுத்து என்று நினைத்ததைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கவிதா என்னை டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனாள். எமிலி புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ‘படம் சரி. பொம்பளைப் பக்கம் என்று நினைத்து, கேட்காமல் மாற்றி வெட்டியவள் ருக்மணி. ஐகுல்மேல் தப்பு இல்லை.’ கவிதா அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதினாள். எமிலியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில் சரியாக இருந்தது.

சுவரில் அம்புக்குறிச் சட்டத்தைக் கிழித்துவிடலாமா என்று எமிலி கேட்டாள். இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை என்றேன். அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: திருத்துவதற்கு முன் கேள்.

பிறகு கோட்டைப் பெட்டிக்குள் பொம்மைமேல் போட்டு, கழுத்துவரை மூடி, இடுப்பில் வாரைக் கட்டினாள். அழகாகத்தான் இருந்தது. என் எழுத்து உள்ளே மறைந்துபோயிற்று. அந்த ராஜா வழியில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று வெட்டவெளியில் கல்லை நட்டார். நான் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில், கோட்டுக்குள் தைத்தேன். அதை எழுதினேன் என்றே இத்தனை வருஷம் எனக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“வாரை அவுக்காத” என்றேன் எமிலியிடம். கவிதா அதை இங்கிலீஷில் சொன்னாள். “கீழே வலது பாகம் மேலயே இருக்கட்டும். மேல் முடிச்சு ரெண்டை மட்டும் அவுத்துவிடு. நெஞ்சுகிட்ட மடிச்சு வெளிய திருப்பு. இன்னும். எழுத்து தெரியணும்.”

அவள் திருப்பினாள். சிவப்பு நூல் வெளியே வந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, ஓர் எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பூட்டச் சொன்னேன்.